சிப்ரோ குளிசையைப் பால் தேத்தண்ணியோடு விழுங்கலாமா?

உப்புவெளிக்காரி:
அம்மாவுக்கு 68 வயது. சிறுநீரில் கிருமி என்று சிப்ரோபுளொக்சசின் 500 மில்லிகிராம், காலையும் இரவும், 7 நாளைக்குத் தந்திருக்கிறார்கள். பையில் 'சாப்பாட்டுக்குப் பின்' என்று மட்டும் கிறுக்கியிருக்கிறது. அம்மா காலை 7 மணிக்கு அதைப் பால் தேத்தண்ணியோடு விழுங்குகிறார், கூடவே கிளினிக்கில் தந்த கல்சியக் குளிசையும், அப்புறம் 10 மணிக்கு ஒரு கோப்பை கிண்ணியாத் தயிர். மூன்று நாளாகியும் எரிவு குறைந்தபாடில்லை. பக்கத்து வீட்டு மாமி "பாலோடு எடுத்தால்தான் வயிறு புண்ணாகாது" என்கிறார். உண்மையா?

பாமசிக்காரன்:
மாமியை விடுங்கள் அக்கா. சிப்ரோ கல்சியத்தைக் கண்டால் அதோடு ஒட்டிக்கொள்ளும், ஒட்டியதைக் குடல் உறிஞ்சாது, அப்படியே வெளியே போய்விடும். பாலோடு மட்டும் விழுங்கினாலே மூன்றில் ஒரு பங்கு அளவு வீணாகலாம். கல்சியக் குளிசை, இரும்புக் குளிசை, அலுமினியமும் மக்னீசியமும் கலந்த காஸ்ட்ரிக் பாணி எல்லாம் அதைவிட மோசம். 10 மணித் தயிரில் பிழை இல்லை, மூன்று மணித்தியாலம் போய்விட்டதே. பிரச்சினை அந்த 7 மணிக் கூட்டுத்தான். சிப்ரோவைத் தண்ணீரில் கொடுங்கள், கல்சியத்தை மதியச் சோற்றோடு தள்ளுங்கள். சிப்ரோவுக்குப் பிறகு கல்சியம் என்றால் 2 மணித்தியாலம், கல்சியத்துக்குப் பிறகு சிப்ரோ என்றால் 6 மணித்தியாலம் இடைவெளி வேண்டும். ஆனால் மூன்று நாளாகியும் எரிகிறது என்றால் தேத்தண்ணி மேல் மட்டும் பழி போடாதீர்கள், கிருமி அந்த மருந்துக்கு அடங்காததாகவும் இருக்கலாம். டொக்டரிடம் திரும்பக் காட்டி, சிறுநீர் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) செய்ய வேண்டுமா என்று கேளுங்கள். காய்ச்சலோ முதுகுவலியோ வந்தால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம்.

மூதூர் வயல்:
எலிக்காய்ச்சல் வராமலிருக்க எங்களுக்கு வயல் காலத்தில் கிழமைக்கு ஒரு தரம் டொக்சிசைக்கிளின் 200 மில்லிகிராம் தருவார்கள். அதுக்கும் பால் ஒத்துவராது, சிப்ரோ அளவுக்கு இல்லையாம். நான் பட்டது வேறு. ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே பாயில் சரிந்தேன், கப்சூல் நெஞ்சுக்குள் நின்றுவிட்டது போல, நாலு நாளைக்குச் சோறு இறங்கும்போதெல்லாம் நெருப்பு. இப்போது ஒரு பெரிய கிளாஸ் தண்ணீர், பிறகு அரை மணித்தியாலம் படுக்கிறதே இல்லை.

நிலாவெளி_87:
அப்போ எனக்குப் போன மாதம் குளொக்சசிலினை வெறும் வயிற்றில் எடு என்றார்களே? சொதியும் பால்தானே, அதையும் விடவேண்டுமா?

பாமசிக்காரன்:
ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம். குளொக்சசிலினுக்குச் சாப்பாடே எதிரி, சாப்பிட ஒரு மணித்தியாலம் முன்பு அல்லது இரண்டு மணித்தியாலம் பின்பு. அமொக்சிசிலினுக்கு எப்படியானாலும் சரி. சிறுநீர்க் கிருமிக்குத் தரும் நைட்ரோபியூரன்டோயின் தலைகீழ், சாப்பாட்டோடுதான் நன்றாக உறிஞ்சும். சொதி தேங்காய்ப்பால் தம்பி, அதில் கல்சியம் சொற்பம், தாராளமாக ஊற்றுங்கள். அக்கா, இன்னொன்று: சிப்ரோ எடுக்கும்போது தேத்தண்ணியிலுள்ள கஃபீன் உடம்பைவிட்டு மெதுவாகத்தான் போகும், அம்மாவுக்கு இரவில் தூக்கம் வராவிட்டால் பிளேன்டீயையும் குறையுங்கள்.

உப்புவெளிக்காரி:
ஓம், இரண்டு இரவாக முழித்துக்கொண்டுதான் கிடக்கிறார்! நாளைக் காலையே டொக்டரிடம் கூட்டிப்போகிறேன். கல்சியத்தை மதியத்துக்கு மாற்றச் சம்மதித்துவிட்டார், காலைத் தேத்தண்ணிக்குத்தான் இன்னும் சண்டை நடக்கிறது.