காப்பியடித்தது ஒருவன், ரிப்போர்ட்டின் போனஃபைட் சான்றிதழில் பெயர் நான்கு பேருக்கும்: என்ன செய்வது?

ஈசிஇ ஃபைனல் இயர்:
எங்கள் பேட்சில் நாலு பேர். மண் காய்ந்தால் மோட்டாரைத் தானாகப் போடும் ப்ராஜெக்ட். சர்க்யூட், ப்ரோகிராம் கோடு எல்லாம் நாங்களே செய்தவை. லிட்ரேச்சர் சர்வேயை, அதாவது முன்னால் வந்த ஆய்வுகளைத் தொகுக்கும் சாப்டர் 2ஐ மட்டும் நாலு பேரில் ஒருவனிடம் விட்டோம். படித்தால் நடுவில் [17] என்று ஒரு எண் நிற்கிறது. எங்கள் ரெஃபரன்ஸ் பட்டியலே 12தான். சீனியர் ரிப்போர்ட்டை அப்படியே தூக்கியிருக்கிறான். கேட்டால், "வார்த்தைகளை மாற்றித் தரும் பாராஃப்ரேஸ் டூலில் போட்டுவிடுகிறேன், யுஜிசியே 10 சதவீதம் வரை காப்பியை விடுகிறதே" என்கிறான். அடுத்த வாரம் சப்மிஷன். ப்ராஜெக்ட் கைடிடம் சொன்னால் போட்டுக்கொடுத்த மாதிரி ஆகாதா?

பழைய பேட்ச்:
ப்ரோ, சர்வேயை வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் புரட்டக்கூட மாட்டார். டெமோ ஓடினால் போதும்.

லேப் மேடம்:
நான் புரட்டுவேன். அந்த அத்தியாயத்தில்தான் முதல் கேள்வியே கேட்பேன், அதுவும் அதை எழுதாதவரிடம்.

தம்பி, அந்த 10 சதவீதக் கதையை விடுங்கள். யுஜிசியின் 2018 விதிமுறை முதுநிலை, ஆராய்ச்சிப் பட்ட ஆய்வேடுகளுக்கானது. அசைன்மென்ட், ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாம் அதில் சேராது. உங்களுக்குக் கல்லூரி விதிதான். டூலில் போட்டால் இன்னும் மோசம். இப்படி வார்த்தை மாற்றியதில் 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்பது 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்' ஆகி அச்சேறிய கட்டுரைகளை 2021ல் ஆய்வாளர்கள் தேடிப்பிடித்து வெளியிட்டார்கள். சிரிப்பாய்ச் சிரித்தது.

அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஐந்தே பேப்பர் படிக்கச் சொல்லுங்கள். எந்த சென்சார், ஏன் என்று பார்க்கட்டும். மண்ணில் குத்தும் ரெசிஸ்டிவ் சென்சாரின் முனை மின்னோட்டத்தால் அரித்துப்போகும். அதனால்தான் பலர் உலோக முனை மண்ணில் படாத கெப்பாசிட்டிவ் சென்சாருக்குப் போகிறார்கள். நீங்கள் எதை வாங்கினீர்கள், ஏன்? அதை எழுதினாலே இரண்டு பக்கம் வந்துவிடும். வைவா என்கிற வாய்மொழித் தேர்விலும் வாய் திறக்கலாம்.

கைடிடம் நாலு பேரும் சேர்ந்தே போங்கள். "சாப்டர் 2 சரியில்லை மேடம், திருத்தி எழுதுகிறோம், ரெண்டு நாள் வேண்டும்" என்றால் போதும். அவன் எழுத மறுத்தால் மட்டும் நடந்ததைச் சொல்லுங்கள். பெயர் உங்களுடையதும்தானே.

ஈசிஇ ஃபைனல் இயர்:
ரெசிஸ்டிவ்தான் மேடம், விலை குறைவு என்று வாங்கினோம். முனை இப்போதே கறுத்துவிட்டது. சீனியர் ரிப்போர்ட்டைப் பார்க்கவே கூடாதா?

லேப் மேடம்:
தாராளமாகப் பாருங்கள். எடுத்ததற்கு ரெஃபரன்ஸில் அதையும் ஒரு எண்ணாகப் போடுங்கள். அப்புறம், அந்தக் கறுத்த முனையை ஃபோட்டோ எடுத்து ரிப்போர்ட்டில் சேருங்கள்.