பி.எம்.பி. (திட்ட மேலாண்மைச் சான்றிதழ்) தேர்வு: சி.பி.ஐ., எஸ்.பி.ஐ. குழப்பம்

கேள்வி (வேளச்சேரி): வாய்ப்பாடு மனப்பாடம். ஆனாலும் மாதிரித் தேர்வுல சி.பி.ஐ. (செலவுக் குறியீடு), எஸ்.பி.ஐ. (காலக் குறியீடு) ரெண்டும் மாறிப்போகுது. எப்படிப் பிடிக்கிறது?

பதில் 1: ரெண்டுலயும் மேலே ஈ.வி.தான் (முடிஞ்ச வேலையோட திட்ட மதிப்பு) சார். செலவுன்னா கீழே ஏ.சி. (உண்மையில ஆன செலவு), காலம்னா பி.வி. (இன்னைக்குள்ள முடிஞ்சிருக்க வேண்டிய வேலையோட திட்ட மதிப்பு). போரூர்ல 10 மாடி, திட்டப்படி மாடிக்கு 20 லட்சம், மொத்தம் 200 லட்சம்னு வச்சுக்குங்க. இன்னைக்கு 5 மாடி முடிஞ்சிருக்கணும். முடிஞ்சது 4, செலவு 64 லட்சம். ஈ.வி. 80, பி.வி. 100. எஸ்.பி.ஐ. 0.8, தாமதம். சி.பி.ஐ. 1.25, செலவு மிச்சம். செலவழிச்ச 64-ஐயே ஈ.வி.ன்னு எடுக்கறதுதான் வழக்கமா வர்ற தப்பு.

பதில் 2: அடுத்து சறுக்குற இடம் ஈ.ஏ.சி. (வேலை முடியறப்போ ஆகுற மொத்தச் செலவோட மதிப்பீடு). இதே போக்கு தொடரும்னா 200 ÷ 1.25 = 160 லட்சம். இந்த மிச்சம் ஒரு தடவை மட்டும்னா 64 + (200 − 80) = 184. கேள்வியோட கடைசி வரியை ரெண்டு தடவை படிங்க. எதுன்னு அங்கேதான் தெரியும்.

கேட்டவர்: 160, 184 வித்தியாசம் இப்பதான் புரிஞ்சுது. நன்றி சார்.