மறு: பறப்பு நேரம், பயண நேரம் – இரண்டும் ஒன்றா?

ஐயா, வணக்கம்.

விமானப் பயணச் சொற்களுக்கு நீங்கள் போட்ட தமிழ்ச் சொற்பட்டியலில் "வான்தூரம்" எனக்கு ஒட்டவில்லை. விமானம் வானத்தில் உண்மையாகவே ஓடிய தூரம் என்றுதான் படிப்பவர் நினைப்பார். நமக்கு வேண்டியது பூமி உருண்டையின் மேல் இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே மிகக் குறுகிய வழியின் நீளம். பெருவட்டம் என்ற சொல் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது, பெருவட்டத் தூரம் என்று வைத்துவிடலாம். சென்னை–சிங்கப்பூர் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். விமானம் பறப்பது இதைவிடக் கூடத்தான் இருக்கும், வகுத்த வான்வழியைப் பிடித்துப் போக வேண்டும், இடிமேகம் வந்தால் ஒதுங்க வேண்டும், இறங்குமுன் சில நாள் வட்டமும் அடிக்க வேண்டும். அதற்குப் 'பறந்த தூரம்' போதும்.

நேரத்தில்தான் சிக்கல். சீட்டில் இரவு 11.15 புறப்பாடு, காலை 6.05 வருகை என்றிருந்தால் எங்கள் வீட்டில் "ஏழு மணி நேரமா!" என்பார்கள். சிங்கப்பூர்க் கடிகாரம் இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது, அதைக் கழித்தால் 4 மணி 20 நிமிடம். அதிலும் முழுக்கப் பறப்பதில்லை. சக்கரத்துக்கு அண்டைகொடுத்த கட்டையை எடுத்து, விமானத்தைப் பின்னுக்குத் தள்ளி, அது ஓடுபாதை முனைவரை ஊர்ந்து, முன்னால் நிற்கும் நாலு விமானம் போகும்வரை காத்திருந்து, அப்புறம்தான் எழும்புகிறது. எழும்பியதிலிருந்து தரை தொடும்வரை பறப்பு நேரம். கட்டை எடுத்ததிலிருந்து அந்த ஊரில் கட்டை போடும்வரை பிளாக் டைம், சீட்டில் அச்சாவது இதுதான். நீங்கள் இதைத் "தொகுதி நேரம்" ஆக்கியிருக்கிறீர்கள். அந்த பிளாக் தொகுதி இல்லை ஐயா, சக்கரக்கட்டை!

இது நமக்குத் தெரியாத காட்சியா? தேருக்கு முட்டுக்கட்டையை எடுத்தால் நிலையை விட்டுக் கிளம்பும், வீதி சுற்றி மறுபடி நிலைக்கு வரும். அதனால் "நிலைநேரம்" என்கிறேன்.

————

> (உங்கள் பதில்) நிலைநேரம் என்றால் நின்றுகொண்டிருக்கும் நேரம் என்றல்லவா படிப்பார்கள்? தேர் கிளம்பிய இடத்துக்கே திரும்பும், விமானம் வேறு ஊருக்குப் போகிறது.

இரண்டாவதை ஒத்துக்கொள்ள மாட்டேன், உவமைக்கு அவ்வளவு வரி போட்டால் ஒன்றும் மிஞ்சாது. முதலாவது சரிதான். என் மகளும் "பிளைட் நிக்கற நேரமாப்பா?" என்றே கேட்டாள். "கட்டைநேரம்" என்று மாற்றிப் பார்த்தேன், சிரித்துவிட்டாள். நிலைக்கும் நிலைக்கும் இடையில் என்பதால் 'நிலையிடை நேரம்' எப்படி? நீளமும் அதிகமில்லை, அட்டவணைத் தலைப்பில் அடங்கும்.

இன்னொன்று. நெரிசலில் பிந்தினாலும் சொன்ன நேரத்துக்கு வந்ததாகக் காட்ட, அட்டவணையில் முன்கூட்டியே பத்துப் பதினைந்து நிமிடம் சேர்த்து வைக்கிறார்களே, அதற்குச் சொல் வேண்டும். எனக்குக் 'கொசுறு நேரம்' என்றுதான் வாயில் வருகிறது. பட்டியலில் ஏற்பீர்களா?