மருந்து ஆய்வில் சேர்ந்தவர்களே, உங்களுக்கு நடந்தது என்ன?

ரவாங் மகள்:
அப்பா சர்க்கரை நோய்க்கான ஒரு புதிய மருந்தின் மூன்றாம் கட்ட ஆய்வில், அதாவது விற்பனைக்கு முன் நிறையப் பேருக்குக் கொடுத்துப் பார்க்கும் கட்டத்தில் இருந்தார். கோலாலம்பூரில்தான், எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். ஒரு காலைப்பொழுது மட்டும் மனத்தை விட்டு அகல மறுக்கிறது. வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்று இருட்டிலேயே கொமுட்டர் ரயில் ஏறி வந்துவிட்டோம். ரத்தம் கொடுத்ததும் சாப்பிட வாங்கிய நாசி லெமாக் பொட்டலம் அப்பாவின் மடியில். ரப்பர் வளையத்தைக் கழற்றுவார், மறுபடி மாட்டுவார். முதலில் கேள்வித்தாளை நிரப்ப வேண்டுமாம். தூக்கம் எப்படி, மனநிலை எப்படி, மாடி ஏற முடிகிறதா என்று பக்கம் பக்கமாக. பாதியிலேயே அவருக்கு வியர்த்துக் கொட்டியது, பேனா பிடித்த கை நடுங்கியது. அன்றோடு விலகிவிட்டார். எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லிவிடும், அதற்குப் பட்டினி தேவையே இல்லை. பிறகு எதற்கு இத்தனை?

பினாங்கு தாதி:
தங்கச்சி, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் 'எதற்கு இத்தனை' என்பதை ஏற்க மாட்டேன். கல்லீரலுக்குக் கேடு வருகிறதா, சர்க்கரை திடீரென்று இறங்குகிறதா என்பதை எச்பிஏ1சி காட்டாது. கேள்வித்தாளை முதலில் கொடுப்பதற்கும் காரணம் உண்டு. மருத்துவரிடம் பேசிவிட்டு வந்தால் பதில்கள் மாறிவிடும்.

என்னை அரிப்பது வேறு. 2021, கோவிட் வார்டில் கட்டில் இல்லாத நேரம். ஒரு நோயாளியின் மகன் ஐவர்மெக்டின் என்ற புழுக்கொல்லி மாத்திரை அட்டையை என் முகத்துக்கு நேரே நீட்டி, "மருந்து கையில் இருக்கும்போது ஆராய்ச்சி எதற்கு மிஸ்ஸி?" என்று கத்தினார். அதற்கான பதில் நம் நாட்டிலிருந்தே வந்தது. ஐவர்மெக்டினைக் கோவிட் நோயாளிகளிடம் சோதித்த ஐ-டெக் ஆய்வில் 20 அரசு மருத்துவமனைகளில், 50 வயதைத் தொட்ட, வேறு நோய்களும் உள்ள 490 பேர். ஐந்து நாள் மருந்து. நோய் முற்றியவர்கள் மருந்து எடுத்தோரில் 21.6 சதவீதம், எடுக்காதோரில் 17.3. பலன் இல்லை. மே இறுதியில் தொடங்கி அக்டோபருக்குள் ஆள் சேர்த்து முடித்தார்கள். அந்த மகன் இதைப் படித்தாரா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

செந்தூல்வாசி:
அம்மாவை ஓர் இதய மருந்து ஆய்வுக்கு அழைத்துப் போனேன். மருத்துவரின் பேனா பட்டியலில் இறங்கி வந்து சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் வரியில் நின்றது. சேர்க்க முடியாது என்றார். நாளை மருந்து விற்பனைக்கு வந்தால் சிறுநீரகம் தளர்ந்த அம்மா போன்றவர்கள்தானே அதை விழுங்கப் போகிறார்கள்?

உங்களை யாராவது ஆய்வுக்கு அழைத்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். எந்தப் பரிசோதனை முக்கியக் கேள்விக்கானது? எதை வீட்டுக்கு அருகிலுள்ள கிளினிக்கில் முடிக்கலாம்? பயணச் செலவு யாருடையது? கோவிட் மருந்துகளைச் சோதித்த பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வைப் பாருங்கள். 2020 மார்ச்சில் தொடங்கியது. பல மருந்துகளுக்கு ஒரே ஒப்பீட்டுக் குழு, அதாவது வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள். முக்கியக் கேள்வி ஒன்றுதான்: 28 நாளுக்குள் இறந்தாரா? அந்த விவரத்தை நாட்டின் சுகாதாரப் பதிவேடுகளிலிருந்தும் எடுத்தார்கள். ஜூனிலேயே, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை டெக்சாமெத்தசோன் மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று அறிவித்தார்கள். மலிவான, பழைய மருந்து! பலன் தராத ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்துக்கு ஆள் சேர்ப்பதையும் அதே மாதம் நிறுத்தினார்கள். தாதி அம்மா சொல்லும் பாதுகாப்புச் சோதனைகள் புது மருந்துக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் அதைச் சாக்காக வைத்து எல்லாவற்றையும் அளக்கக் கூடாது.

ரவாங் மகள்:
ஐயா, கேள்வி கேட்கும் சுமையையும் நோயாளி தலையில் கட்டாதீர்கள். சிறுவயதில் தோட்டத்தில் கங்காணிக்கு முன்னால் வாய் திறந்து பழகாத அப்பா, வெள்ளைக் கோட்டு போட்டவரிடம் என்ன கேட்பார்? அக்கா, பாதுகாப்புச் சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. கேள்வித்தாள் முதலில்தான் வர வேண்டும் என்றால் முந்தின நாள் வீட்டிலேயே நிரப்பச் சொல்லியிருக்கலாமே. இப்படி நடுவில் விலகுகிறவர்கள் கூடக்கூட ஆய்வின் முடிவும் ஆட்டம் காணும். திட்டம் தீட்டியவர்கள் அதையாவது யோசித்திருக்க வேண்டாமா?