ஆம்ப் வினைலில் திரும்பத் திரும்பப் பூஞ்சை – உதவி தேவை

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். பஜனைக்குக் கிட்டார் வாசிக்கும்போது பயன்படுத்தும் ஃபெண்டர் 65 ட்வின் ரிவர்ப் ஆம்ப் (கிட்டார் ஒலிபெருக்கிப் பெட்டி), மேலே கறுப்பு வினைல் உறை. டிசம்பரிலிருந்து கராஜில் போர்த்தியே கிடந்தது. இங்கே கோடைப் புழுக்கம் தெரியுமே! மார்ச்சில் போர்வையை விலக்கினால் சொரசொரப்பான பள்ளங்களுக்குள் திருநீறு அப்பியதுபோல் வெள்ளைப் பூஞ்சை. முன்பக்கத் துணியில் ஒன்றுமில்லை.

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், பழைய பல் பிரஷ், அப்புறம் வினிகர் எல்லாம் பார்த்தாயிற்று. துடைத்தால் போகிறது, பத்தே நாளில் மறுபடி வந்துவிடுகிறது. மூலையில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் தொட்டேன், பஞ்சில் கறுப்பு ஏறியது. பயந்து நிறுத்திவிட்டேன். (அசிட்டோன் மட்டும் சொல்லாதீர்கள், வினைல் இளகிவிடும்.) கிட்டத்தட்ட 29 கிலோ, தினமும் வெளியே தூக்கிவைக்க என் முதுகு ஒத்துக்கொள்ளாது.

நிறம் போகாமல் பூஞ்சையை வேரோடு எடுக்க எதைக் கொண்டு துடைப்பது?