புதுப்பிப்பு: மீண்டும் ஆலயத்திற்குச் சென்றேன்

2020 மார்ச் ஊரடங்கோடு கிறிஸ்தவ ஆலயத்திற்குச் செல்வது நின்றுபோனதையும், அவ்வாண்டு செப்டம்பரில் தமிழகத்தில் வழிபாட்டுத் தலங்கள் திறக்கப்பட்ட பின்னும் கைப்பேசி வழியாகவே ஆராதனையில் கலந்துகொண்டு வந்ததையும், இனி எந்த முகத்தோடு உள்ளே நுழைவது என்று தயங்குவதையும் முன்பு எழுதியிருந்தேன். கடந்த ஞாயிறன்று பாளையங்கோட்டையில், 1826இல் எழுப்பப்பட்டு, ஊசிக்கோபுரம் என்று ஊரார் அழைக்கும் தூய திரித்துவப் பேராலயத்திற்குச் சென்றேன். பாமாலை என்னும் எங்கள் துதிப்பாடல் நூலின் பாடல்களை இத்தனை காலமும் கைப்பேசியில் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால், முன்னும் பின்னும் குரல்கள் எழுந்தபோது என் குரலும் தானாகவே அவற்றோடு சேர்ந்தது. இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்தில் முழங்காலிட்டு அப்பத்தைக் கையில் வாங்கியபோது அழுதுவிட்டேன். கைப்பேசியால் இதை மட்டும் தந்திருக்கவே முடியாது. நான் அஞ்சிய கேள்வியை எவரும் கேட்கவில்லை. அருகில் அமர்ந்திருந்த மூதாட்டி, "சுகமா இருக்கியாம்மா?" என்று என் கையைப் பற்றிக்கொண்டார். அடுத்த ஞாயிறு அவரை வீட்டிலிருந்து நானே அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.