வேளச்சேரியில் தண்ணீர் நிற்பதற்குக் கணக்கு தீர்வாகுமா?

கூவம்கரை: ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடியும் கணித மாதிரி, கணினி மாதிரின்னு பேசுறோம். சென்னைக்குத் தேவை தூர்வார ஆள். சேறு அடைச்ச வடிகால்ல எந்தச் சூத்திரமும் தண்ணிய ஓட்டாது.

நீர்மட்டம்: சேறு எவ்வளவு கெடுக்குதுன்னு சொல்றதே கணக்குதான் சார். 2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம், 2000-க்கு 1 சரிவு உள்ள கான்கிரீட் வடிகால் ஒண்ணு எடுத்துக்குங்க. வடிகால்ல எவ்வளவு தண்ணி ஓடும்னு கணக்குப் போடுற மானிங் சூத்திரத்துல, சுவர், அடிப்பகுதியோட சொரசொரப்பு எண் 0.015 போட்டா, நிறைஞ்சு ஓடும்போது நொடிக்கு சுமார் 3.2 கன மீட்டர் போகும். அடியில 30 செ.மீ. சேறு படிஞ்சு, அந்த எண் 0.020 ஆயிட்டா வெறும் 1.8. ஆழத்துல போனது அஞ்சுல ஒரு பங்கு. ஓட்டத்துல போனது 40 சதவீதத்துக்கும் மேல. எந்தத் தெருவுல முதல்ல தூர்வாரணும்னு இத வெச்சுத்தான் முடிவு பண்ண முடியும்.

கூவம்கரை: போற அளவு சரி. வர்ற அளவு? பெய்ற மழையில எவ்வளவு பங்கு வழிஞ்சு ஓடி வரும்னு சொல்ற வழிந்தோடல் குணகத்த அவங்கவங்க இஷ்டத்துக்குப் போடுறாங்களே!

நீர்மட்டம்: அது நியாயமான கேள்வி. 50 ஹெக்டேர், மணிக்கு 60 மி.மீ. மழை. குணகம் 0.5-ன்னா நொடிக்கு 4.2 கன மீட்டர், 0.8-ன்னா 6.7. காலிமனையா இருந்தப்போ போட்ட எண்ணை, அடுக்குமாடி வந்த பிறகும் அப்படியே வெச்சா வடிகால் பத்தாது. இன்னொரு தப்பு, நாள் மழையை 24-ஆல வகுக்கிறது. 120 மி.மீ. மழை மணிக்கு 5 மி.மீ.யாத் தெரியும். அதுல பாதி ஒரே மணி நேரத்துல கொட்டினா? சின்னப் பகுதிக்கு 15 நிமிஷ மழைப்பதிவு வேணும்.

மடுவோரம்: ரெண்டு பேரும் கடைமுனையை விட்டுட்டீங்க. வேளச்சேரித் தண்ணி போய்ச் சேர்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துத் தண்ணி, ஒக்கியம் மடுவுங்கிற ஓடை, பக்கிங்காம் கால்வாய் வழியா கோவளம் முகத்துவாரத்துக்குப் போகணும். கடல் ஏற்றத்துல அங்க நீர்மட்டம் உயர்ந்தா, மேல எவ்வளவு பெரிய வடிகால் கட்டினாலும் ஓட்டம் மந்தமாயிடும். சதுப்பு நிலம் தண்ணியத் தேக்கி வெக்கிற இடம். அங்க மேல சொன்ன குணகக் கணக்கு செல்லாது. மணிக்கு மணி வரவு, போக்கு, தேக்கம் மூணையும் எழுதணும். சதுப்பு நிலத்துல மண் கொட்டினா எந்த மணி நேரத்துல எந்தத் தெரு மூழ்கும்னு அதுலதான் தெரியும்.

கூவம்கரை: அப்பவும் அளக்காம போட்ட கணக்கை ஒத்துக்க மாட்டேன். ஒரு ஒப்பந்தக்காரர் முடிச்ச இடத்தைவிட அடுத்தவர் ஆரம்பிச்ச இடத்துல வடிகாலோட அடிமட்டம் மேல இருந்தா, வரைபடத்துல சரிவு இருக்கும், தரையில இருக்காது.

நீர்மட்டம்: முழுக்க ஒத்துக்கிறேன். 2000-க்கு 1-ன்னா 100 மீட்டருக்கு 5 செ.மீ. இறக்கம்தான். கட்டும்போது 5 செ.மீ. பிசகினா அந்த நீளத்துக்குச் சரிவே இல்ல. தண்ணி நிக்கும், மண்ணும் அங்கயேதான் படியும். கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடி லெவல் கருவி வெச்சு அடிமட்டம் பார்த்து, ரெண்டு வேலையும் சேர்ற இடத்துல ரெண்டு தரப்பும் உயரம் தெரிஞ்ச ஒரே மட்டக்குறியிலிருந்து அளக்கணும். அந்த அளவுகளை வார்டு வாரியா வெளியிடச் சொல்லிக் கேளுங்க, நானும் கேக்கிறேன்.